ஆர்கன் பெட்டிக்குள் ஒரு ஸ்டீரியோ

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"டெக்னிக்கலா ஏதாவது பேசுப்பா, ஆனா போரடிச்சுடாதே" என்பது சங்கச் செயலாளரின் கட்டளை. ஆகவே என் பொழுதுபோக்கைப் பற்றியும், அதில் நான் செய்த ஒரு தவற்றைப் பற்றியும் சொல்கிறேன்.

வேலை நிமித்தமாக 1984-இல் சிகாகோ பக்கம் குடிபோனேன். ஹாமண்ட் ஆர்கனின் சொந்த ஊர் அது. லாரன்ஸ் ஹாமண்ட் 1935-இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மோட்டார் சுழற்றும் எஃகுச் சக்கரங்கள், காந்தம், கம்பிச் சுருள் இவற்றால் ஸ்வரம் எழுப்பும் கருவி. 1955 முதல் 1964 வரை தயாரான எம்-3 என்ற சிறிய மாடல் வீட்டுக் கூடத்துக்கென்றே வந்தது. நான் போன சமயத்தில் அதைச் சும்மா கொடுத்தாலும் எடுத்துப்போக ஆள் கிடைப்பது கஷ்டம்.

அதன் ஆம்ப்ளிஃபயரில் இரண்டு 6வி6 வால்வுகள் புஷ்-புல் முறையில் வேலை செய்யும். சுமார் 12 வாட். வால்வு ஆம்ப்ளிஃபயரில் விலை கூடியது டிரான்ஸ்ஃபார்மர்தான். பெடலின் கீழ் ஸ்வரங்களைத் தாங்கணுமே என்று ஆர்கன்காரர்கள் நல்ல இரும்பாகப் போட்டிருப்பார்கள். ஸ்டீரியோவுக்கு ஒரே மாதிரி இரண்டு வேண்டும், அவ்வளவுதான்.

மாணவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். ஆர்கனின் உச்ச ஸ்வரம் 6,000 ஹெர்ட்ஸுக்குள் முடிந்துவிடும். ஜால்ராவின் ஒலி அதற்கு வெகு மேலே போகும். ஆகவே மேல் ஸ்வரங்களை மட்டுப்படுத்தும் கெப்பாசிட்டர்களையும் வைப்ரேட்டோ சர்க்யூட்டையும் கழற்றிவிட்டு, முன்பகுதியை 12ஏஎக்ஸ்7 வால்வு வைத்துப் புதிதாகக் கட்டினேன். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எந்த லோடுக்கு என்று தெரியாவிட்டால், ஸ்பீக்கர் பக்கம் சிறு ஏ.சி. வோல்டேஜ் கொடுத்து மறுபக்கம் அளந்து விகிதம் பாருங்கள். விகிதம் 32 என்றால் அதன் வர்க்கம் 1,024. அதை 8 ஓம் ஸ்பீக்கரால் பெருக்கினால் சுமார் 8,200 ஓம். ஒரு ஜோடி 6வி6-க்குப் பொருத்தம்.

பழைய காகிதக் கெப்பாசிட்டரை நம்பவே நம்பாதீர்கள். அது கசிந்தால் கிரிட்டுக்கு பாசிட்டிவ் வோல்டேஜ் போய் வால்வின் பிளேட் சிவந்துவிடும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு பிளேட் ஒயர்களை மாற்றிப் போட்டால் நெகட்டிவ் ஃபீட்பேக் பாசிட்டிவ் ஆகிவிடும். எனக்கு அப்படி ஆனபோது கிளம்பிய ஊளையில் என் மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள்! உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. இருக்கும். ஸ்விட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் நிற்கும். ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். தனியாக இருக்கும்போது இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

இனி என் தவறு. முதல் எம்-3, தண்ணீர் புகுந்த ஒரு சர்ச் அடித்தளத்தில் செத்துக் கிடந்தது. ஜோடிக்கு இன்னொன்று தேடினேன். எங்கள் தெருவில் கணவரை இழந்த ஒரு முதிய அம்மாள், "எங்க வீட்ல ஒண்ணு இருக்கு, எடுத்துக்கோங்க" என்றார். காசும் வாங்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து ஸ்விட்ச் போட்டேன். பாடியது. அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொண்டு மீதியைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டேன்.

நாலு மாதம் கழித்து ஸ்டீரியோ அருமையாகப் பாடியது. பெருமையோடு அந்த அம்மாளைக் காபிக்கு அழைத்தேன். உட்கார்ந்து கேட்டார், நன்றாயிருக்கிறது என்றார். பிறகு கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆர்கன் எந்த ரூம்ல இருக்கு?" என்றார். நான் அந்த இரும்புப் பெட்டியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவர் ஞாயித்துக்கிழமை வாசிப்பார். உங்க பிள்ளைங்க வாசிப்பாங்கன்னு நினைச்சுத்தான் கொடுத்தேன்" என்றார். கோபமே இல்லை. கோபித்திருந்தால் தேவலை.

சக்கரங்கள் உருகிப் போய்விட்டன. திருப்பித் தர எதுவும் இல்லை. எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான்.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். உயிரோடிருக்கும் கருவியைப் பிரிப்பதில்லை. கொடுப்பவரிடம் என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லாமல் வாங்குவதில்லை. பிறகு கிடைத்த, வேலை செய்கிற ஆர்கன்களுக்கு எண்ணெய் போட்டு, கெப்பாசிட்டர் மாற்றி, வாசிக்கிறவர்களிடமே சேர்த்தேன். எம்-3-ஐத் தேடி வாங்கி வாசிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மாணவச் செல்வங்களே, எதையும் பிரித்துப் பாருங்கள். பிரிக்காமல் படிப்பு வராது. ஆனால் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன், அது யாருடையது, இன்னும் பாடுகிறதா என்று ஒரு நிமிஷம் கேளுங்கள்.