மகாராஜா வீட்டுக்குள் என் தாயார்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

"டெல்லியில இத்தனை வருஷம் இருந்தீரே, அதைப்பத்திப் பேசும்" என்றார்கள். அரசியல் பேசப் பயம். ஆகவே ஒரு கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

இந்தியா கேட் அருகே ஜெய்ப்பூர் ஹவுஸ் இருக்கிறது. ஜெய்ப்பூர் மகாராஜா டெல்லிக்கு வந்தால் தங்குவதற்காக 1936இல் எழுந்த மாளிகை. நடுவே குவிமாடம், இருபுறமும் வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்தாற்போன்ற அமைப்பு. 1954 மார்ச்சில் அன்றைய துணைக் குடியரசுத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன் அங்கே தேசிய நவீனக் கலைக்கூடத்தைத் திறந்து வைத்தார்.

1998இல் என் தாயாரை டெல்லிக்கு அழைத்துப் போயிருந்தேன். அலுவலக நண்பர் ஒருவர் குடும்பத்தோடு அங்கே கிளம்பினார். அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் அல்ல. 'இவங்களுக்கு இதெல்லாம் என்ன புரியும்? புல்வெளியிலேயே உட்கார வைத்துவிட்டுப் போகலாம்' என்றுதான் நினைத்தேன். இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அந்த மாளிகையைப் பார்த்து எனக்கே கால் கூசியது என்பதை மறைக்கத்தான் அப்படி நினைத்தேனோ என்னவோ.

புல்வெளியில் ஒரு பெரிய வெண்கலச் சிலை. நாலு பேர் பாறையைப் புரட்டுகிறார்கள். அம்மா நின்றுவிட்டார்.

"ஏய்யா, மெட்ராஸ் கடக்கரையில நிக்கே, அந்தச் சிலைல்லா இது?"

அதேதான்! சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராயிருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த 'உழைப்பாளர் சிலை'. மெரினாவில் 1959இல் நிறுவினார்கள். அதே சிலை அங்கேயும் நிற்கிறது. பட்டதாரியான நான் அதைக் கவனிக்கவே இல்லை.

அப்புறம் அம்மாவை உட்காரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றினார். காவலாளி இந்தியில் ஏதோ சொல்லி, போட்டுக்கொள்ளும்படி சைகை காட்டினார்.

உள்ளே அம்ரிதா ஷேர்கில்லின் ஓவியங்கள். பஞ்சாபித் தகப்பனார், ஹங்கேரியத் தாய், பாரிஸில் படித்தவர். தெற்கே கன்னியாகுமரி வரை வந்து பார்த்துவிட்டுப் போய், 1937இல் நம் பக்கத்து மனிதர்களை வரைந்தார். 28 வயதிலேயே, 1941இல் லாகூரில் காலமானார். அவருடைய 'பிரம்மச்சாரிகள்' ஓவியத்தில் வேட்டி கட்டிய ஐந்து பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே ஒட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டு நான் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டேன். அம்மா நகரவில்லை.

"ஒரு பிள்ளையும் சிரிக்கலையே, பசியா இருக்குமோ?" என்றார்.

திரும்பி வந்து அப்போதுதான் அந்த முகங்களைப் பார்த்தேன்.

ஷேர்கில்லின் ஓவியங்களில் ஏன் எல்லோருடைய கண்ணிலும் ஒரு சோகம் என்று பெரிய பெரிய விமர்சகர்கள் எழுதியிருப்பதைப் பிற்பாடு படித்தேன். அம்மா கேட்டதும் அதைத்தானே!

திருச்செந்தூர் திரும்பியதும் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் அம்மா சொன்னது இது: "ராசா வீட்டுக்குள்ள செருப்போட நடந்தேன் பாத்துக்கோ. அங்க நம்ம ஊருப் பிள்ளைய படம்லாம் மாட்டிருக்கு."