அப்பா எதிர்ப்பக்கமா ஓடுவார்

வழக்கமா இங்க வேலை, சம்பளம், பெங்களூரு வாடகைன்னு புலம்பிட்டு இருப்போம். இன்னிக்கு எங்கப்பாவைப் பத்திப் பேசப் போறேன். அவர் போய் இந்த மாசத்தோட ரெண்டு வருஷம் ஆகுது.

அப்பா கோயம்புத்தூர் கணபதியில சின்னதா ஒரு லேத் பட்டறை வெச்சிருந்தார். பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைஞ்சு கொடுக்கிற வேலை. எங்க தாத்தா 46 வயசுல ஹார்ட் அட்டாக்ல இறந்தவர். அந்தப் பயம் அப்பாவுக்கு எப்பவும் உண்டு. 40 வயசு ஆனப்ப, ஒருநாள் திடீர்னு கேன்வாஸ் ஷூவைப் போட்டுட்டு ரேஸ்கோர்ஸ் கிளம்பிட்டார். முதல் நாள் அரை ரவுண்டு கூட ஓட முடியலையாம். ஆனா விடலை. ஒரு வருஷத்துல சிகரெட்டை விட்டார். அப்புறம் 10 கிலோமீட்டர், அப்புறம் ஹாஃப் மாரத்தான். தினமும் ஓடின நேரத்தை பட்டறை பில் புக்கோட பின்பக்கத்துல நிமிஷம், செகண்டு கணக்கா எழுதி வெப்பார். கடைசி மூணு வருஷம்தான் நான் வாங்கிக் கொடுத்த வாட்ச்.

ஞாயித்துக்கிழமை மட்டும் அம்மாவும் கூடப் போவாங்க. அம்மா நடப்பாங்க, அப்பா ஓடுவார். ரேஸ்கோர்ஸ் ஒரு சுத்து கிட்டத்தட்ட ரெண்டரை கிலோமீட்டர். அம்மா போற திசைக்கு எதிர்த்திசையிலதான் அப்பா ஓடுவார். ஏன்னு ஒருநாள் கேட்டேன். "ஒரே பக்கமா ஓடினா உங்கம்மாவை அரை மணிக்கு ஒருக்காதான் பார்க்க முடியும். எதிர்ப்பக்கமா ஓடினா பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா பார்த்துக்கலாம்" அப்படின்னார். அப்புறம் நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் வேகத்துக்கும் அம்மா வேகத்துக்கும் சரியா அதுதான் வருது. ஒவ்வொரு தடவை எதிர்ல வரும்போதும் அம்மா, "ஏனுங்க, மெதுவாப் போங்க" அப்படிம்பாங்க. அப்பா சிரிச்சுட்டே கையைக் காட்டிட்டு ஓடிருவார்.

அப்பா 58 வயசுல, ஒரு புதன்கிழமை ராத்திரி தூக்கத்துலயே போயிட்டார். ஹார்ட் அட்டாக்.

துக்கத்துக்கு வந்தவங்க எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னாங்க. "தினம் ஓடினவருக்கே இப்படின்னா, ஓடி என்ன பிரயோஜனம்?" தப்பா சொல்லணும்னு யாரும் சொல்லலை. ஆனா அது என் மண்டையிலயே உட்கார்ந்துக்கிச்சு. என் ஷூவைத் தூக்கிப் பரண்ல போட்டேன். ஒன்றரை வருஷம் ஓடவே இல்லை.

அந்தச் சமயத்துல படிச்சதுதான் ஜிம் ஃபிக்ஸோட கதை. அமெரிக்காக்காரர். 1977ல ஓட்டத்தைப் பத்தி அவர் எழுதின புத்தகம் லட்சக்கணக்குல வித்தது. அமெரிக்காவுல சாதாரண ஜனங்களை ரோட்டுல இறங்கி ஓட வெச்சதுல அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1984 ஜூலையில வெர்மான்ட் மாநிலத்துல ஓட்டத்துக்குப் போன இடத்துல விழுந்து இறந்தார். வயசு 52. "ஓடச் சொன்னவரே ஓடிச் செத்தார்"னு ஊரே பேசுச்சு.

ஆனா கதையோட மீதி இது. அவங்கப்பாவுக்கு 35 வயசுல முதல் அட்டாக் வந்து, 43 வயசுல இறந்திருக்கார். ஜிம் ஃபிக்ஸ் ஓட ஆரம்பிச்சதே 35 வயசுலதான். அதுவரைக்கும் நல்ல குண்டு, தினமும் ரெண்டு பாக்கெட் சிகரெட். பிரேதப் பரிசோதனையில இதய ரத்தக்குழாய்கள்ல கடுமையான அடைப்பு இருந்தது தெரிஞ்சது. சாகிறதுக்குச் சில மாசம் முன்னாடி கென்னத் கூப்பர்ங்கிற பிரபல டாக்டரோட கிளினிக்குக்குப் போயிருக்கார். அங்க டிரெட்மில் டெஸ்ட் எடுத்துக்கச் சொல்லியும் எடுத்துக்கலை.

அவங்கப்பாவை விட ஒன்பது வருஷம் கூட இருந்தார். எங்கப்பா, தாத்தாவை விடப் பன்னெண்டு வருஷம். ஓட்டம்தான் அதைக் கொடுத்ததுன்னு என்னால நிரூபிக்க முடியாது. ஆனா அந்தப் பன்னெண்டு வருஷத்துல என்ன இருக்குன்னு சொல்ல முடியும். என் பிளஸ் டூ ரிசல்ட், காலேஜ் பட்டமளிப்பு, என் முதல் சம்பளத்துல வாங்கின அந்த வாட்ச், தங்கச்சி கல்யாணம். எங்க தாத்தாவுக்கு இதுல எதுவுமே கிடைக்கலை.

இப்போ நான் சொல்லத் தயங்கின விஷயம். என் ஆபீஸ் வேலையே சர்வர் மெதுவானா கண்டுபிடிச்சு அலாரம் அடிக்க வைக்கிறதுதான். அப்பாவோட வாட்ச் டேட்டா என் போன்லயும் வரும். கடைசி ரெண்டு மாசத்துல கிலோமீட்டருக்கு ஆறு நிமிஷமா இருந்தது ஆறு ஐம்பது ஆயிடுச்சு. நான் அதைப் பார்த்தேன். பார்த்துட்டு, "என்னப்பா, வயசாயிடுச்சா?"ன்னு மெசேஜ் போட்டேன், ஒரு ஆமை ஸ்டிக்கரோட. அதே நாள்கள்ல அம்மாகிட்ட, "மாடி ஏறினா நெஞ்சு இறுக்கிப் பிடிக்குது, நின்னா சரியாயிருது" அப்படின்னிருக்கார். கேஸ்னு நினைச்சு ஓமத் தண்ணி குடிச்சிருக்கார். ஓடுறவருக்கு ஹார்ட் பிரச்சினை வராதுன்னு நாங்க மூணு பேருமே நம்பினோம்.

அதனால உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு. ஓட்டம் தடுப்பூசி இல்லை. வேலை செய்யும்போது வந்து, ஓய்வெடுத்தா போற நெஞ்சு இறுக்கம் கேஸ் இல்லாமலும் இருக்கலாம். சும்மா படுத்திருக்கும்போது எடுக்கிற ஈசிஜி நார்மலா வந்தாலும் அடைப்பு இருக்கலாம். உங்கப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயசுக்குள்ள, அம்மாவுக்கோ அக்கா தங்கச்சிக்கோ 65 வயசுக்குள்ள இதய நோய் வந்திருந்தா, அதை டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. என்ன டெஸ்ட்டுன்னு அவர் முடிவு பண்ணட்டும். நானும் போய்ப் பார்த்தேன். 28 வயசுல கொலஸ்ட்ரால் மாத்திரை எடுத்துட்டிருக்கேன்.

அந்த மெசேஜைப் பத்தி ஆறு மாசம் முன்னாடிதான் அம்மாகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "எங்கிட்டயும்தான் சொன்னார், நானும் ஓமத் தண்ணிதானே கொடுத்தேன்" அப்படின்னாங்க. ரெண்டு பேரும் அழுதோம். "ஞாயித்துக்கிழமை ரேஸ்கோர்ஸ் போலாமா?"ன்னு அம்மாதான் கேட்டாங்க.

இப்போ மாசம் ரெண்டு தடவை ஊருக்குப் போறேன். அம்மா நடக்கிறாங்க, நான் எதிர்ப்பக்கமா ஓடுறேன். அப்பா வேகம் எனக்கு வராது. பன்னெண்டு நிமிஷம் ஆகுது.

இன்னிக்கு உங்கப்பாவுக்கு ஒரு போன் பண்ணுங்க. மாடி ஏறினா எப்படி இருக்குன்னு கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.