விடுதலைக்குப் பிறகு வந்த பள்ளிக்கூடம்

(தோட்டப் பெற்றார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புதிய தவணை தொடங்கும் இந்த நேரத்தில் வேறொரு தோட்ட மக்களின் கதையைச் சொல்ல விரும்புகிறோம். அவர்கள் ஜமேக்காத் தீவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த ஆபிரிக்க மக்கள்.

அடிமைக்கு எழுத்து தெரிந்தால் ஆபத்து என்று அங்கிருந்த துரைமார் பயந்தார்கள். 1831 கடைசியில் நடந்த பெரிய கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய சாம் ஷார்ப், வாசிக்கத் தெரிந்த ஓர் அடிமை. 1832இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். பப்டிஸ்ட் மிஷனரிமாரின் ஆலயங்களையும் உடைத்தார்கள்.

1834 ஆகஸ்ட் 1இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. முழு விடுதலை கிடைத்ததோ 1838 ஆகஸ்ட் 1இல்தான். அடிமைகளை வைத்திருந்தவர்களுக்குப் பிரித்தானிய அரசு 2 கோடி பவுண் நட்டஈடு ஒதுக்கியது. பாடுபட்டவர்களுக்கு ஒரு சல்லியும் இல்லை. மேற்கிந்தியத் தீவுகளில் பள்ளிக்கூடம் அமைக்க மட்டும் 1835 முதல் ஆண்டுக்கு 30,000 பவுண் வரை கொடுத்தார்கள். அதுவும் பெரும்பாலும் மிஷன் சபைகள் வழியாகவே போனது.

அந்த மக்கள் ஆசையோடு வந்தார்கள். வேலை முடிந்த இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பெரியவர்கள்கூட உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்கள். மிஷனரிமார் வேதம் வாசிக்கவும் அடங்கி நடக்கவுமே அதிகம் கற்பித்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் எழுத்து கையில் வந்தால் அது யாருக்கும் கட்டுப்படாது.

1845இல் அரசின் பணம் நின்றது. இந்தியத் தொழிலாளரை ஏற்றிய முதல் கப்பல் ஜமேக்காவுக்கு வந்ததும் அதே வருஷம்தான். அடுத்து சீனி விலை விழுந்தது, சம்பளமும் குறைந்தது. பள்ளிக் காசு கட்ட முடியாத பெற்றார் பிள்ளைகளை வேலைக்குக் கூட்டிப் போனார்கள். பல வகுப்புகள் வெறிச்சோடின. அவர்களை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். வயிற்றுப்பாடு அப்படி.

ஆனாலும் எல்லாம் அழியவில்லை. ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க 1836இல் கிங்ஸ்டனில் தொடங்கிய மைக்கோ கல்லூரி இன்றும் நடக்கிறது.

கட்டடத்தை மற்றவர்கள் தரலாம். காலையில் பிள்ளையை அனுப்புவது நம் கையில்தான் இருக்கு. தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காவை லயத்தில் மறிக்காதீங்க, பிள்ளை மடுவத்தில் விடுங்க. சப்பாத்து, கொப்பி இல்லையென்றால் வெட்கப்படாமல் எங்களிடம் வந்து சொல்லுங்க. வழி தேடுவோம். பிள்ளை மட்டும் ஒரு நாளும் நிற்கக் கூடாது.