கழுத்தைத் திருப்ப விடுவதற்கு முன்

(தோட்ட மாதர் கூட்டமொன்றில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்றைக்கு முதுகையும் கழுத்தையும் பற்றிப் பேசப்போகிறேன். கடைசியில் அது சம்பளத்திலும் நிறுவையிலும் போய்த்தான் நிற்கும், பாருங்கள்.

கொழும்பில் வேலை செய்கிற நம் பிள்ளைகள் போனில் வீடியோ அனுப்புகிறார்கள். ஒருவரைக் குப்புறப் படுக்கவைத்து முதுகை அமுக்குகிறார்கள், 'டக் டக்' என்று சத்தம் கேட்கிறது. பிறகு தலையை இரண்டு கையாலும் பிடித்து ஒரே திருப்பு. அவர் எழும்பிச் சிரிக்கிறார். "அம்மா, தீபாவளி முடிந்ததும் உன்னையும் கூட்டிக்கொண்டு போகிறேன், ஒரே நாளில் வலி போய்விடும்" என்று பிள்ளை சொல்கிறது. பாசத்தில் சொல்வதுதான். ஆனால் என்னிடம் மூன்று தாய்மார் வந்து, "டீச்சர், போகலாமா?" என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.

இந்த வைத்தியத்தின் பெயர் கைரோபிரக்டிக். 1895ஆம் ஆண்டு அமெரிக்காவில் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் டி. டி. பாமர் என்பவர் தொடங்கினார். அவர் டொக்டருக்குப் படித்தவர் அல்ல, காந்த சிகிச்சை செய்து வந்தவர். அவரிடம் முதலில் போனவர் நம்மைப் போல ஒரு தொழிலாளி. ஹாவி லிலர்ட் என்று பெயர், கட்டடம் கூட்டித் துடைக்கிற வேலை. ஒடுக்கமான இடத்தில் குனிந்து வேலை செய்தபோது முதுகில் ஏதோ 'டக்' என்றதாம், அதற்குப் பிறகு காது கேட்காமல் போய்விட்டதாம். பாமர் அவருடைய முதுகெலும்பை ஒரு தள்ளுத் தள்ளினார், காது கேட்டது என்று கதை. அதை வைத்து, 100 நோயில் 95 நோய் முள்ளந்தண்டு விலகுவதால்தான் வருகிறது என்று பாமர் சொல்லத் தொடங்கினார். காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு மண்டையோட்டுக்குள்ளேயே போகிறது, முதுகுப் பக்கம் வருவதே இல்லை. ஆகவே சீனி, பிரஷர், தொய்வு, பிள்ளைகளின் காதுவலி எல்லாவற்றையும் முதுகைத் தட்டிச் சுகமாக்குவோம் என்று யாராவது சொன்னால் காசை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக எல்லாமே பொய் என்றும் சொல்ல மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட இடுப்புவலிக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. உடற்பயிற்சி, பிடித்துவிடுதல் ஆகியவற்றோடு முள்ளந்தண்டைக் கையால் அசைத்துச் செய்கிற சிகிச்சையையும் செய்து பார்க்கலாம் என்று அதில் இருக்கிறது. ஆனால் அதற்குள்ள சான்று மிகவும் பலவீனமானது என்றும் சேர்த்தே சொல்கிறார்கள். இடுப்புக்கு பெல்ட் கட்டுவதையும், எடை தொங்கவிட்டு இழுப்பதையும் அந்த வழிகாட்டி வேண்டாம் என்கிறது. டவுனில் பெல்ட் வாங்கி வைத்திருக்கிறவர்கள் இங்கே எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், கையை உயர்த்த வேண்டாம்.

அந்தச் சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது என்று நினைக்கிறோம். அப்படியல்ல. மூட்டுக்குள் எண்ணெய் மாதிரி ஒரு நீர் இருக்கிறது. மூட்டை இழுக்கும்போது அந்த நீருக்குள் காற்றிடம் உண்டாகிச் சத்தம் வருகிறது. விரலில் சொடக்கு எடுக்கிறதும் அதுதான். அமெரிக்காவில் டொனால்ட் அங்கர் என்ற டொக்டர் 60 வருஷத்துக்கு மேல் ஒரு கையில் மட்டும் சொடக்கு எடுத்துப் பார்த்தார். இரண்டு கையும் ஒரே மாதிரித்தான் இருந்தது, மூட்டுவாதம் எந்தக் கைக்கும் வரவில்லை. சத்தம் வந்தால் சுகம் என்றும் இல்லை, வராவிட்டால் சுகமில்லை என்றும் இல்லை. அமுக்கியதும் கொஞ்ச நேரம் லேசாக இருக்கும், அது உண்மை. கால் முன்னால் பிறந்த பிள்ளை மிதித்தால் சுளுக்குப் போகும் என்று நம் பாட்டிமார் மிதிக்கச் சொன்னார்களே, அன்றைக்கும் லேசாகத்தான் இருந்தது.

இனிச் சொல்லப்போவதை நன்றாகக் கேளுங்கள். இடுப்பு வேறு, கழுத்து வேறு.

நம் கழுத்தெலும்புகளின் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கின்றன. அவற்றுக்குள்ளால் இரண்டு இரத்தக் குழாய்கள் மூளையின் பின்பக்கத்துக்குப் போகின்றன. கழுத்தைச் சடாரென்று திருப்பும்போது அந்தக் குழாயின் உள்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் இரத்தம் கட்டி, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம். இது அடிக்கடி நடப்பதல்ல, அரிதானது. ஆனால் நடந்தால் திருப்பி எடுக்க முடியாது. 2016இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸில் 34 வயது விளம்பர மொடல் ஒருவர் வேலையில் விழுந்து கழுத்து வலிக்கிறது என்று கைரோபிரக்டிக் செய்கிறவரிடம் போனார். பாரிசவாதம் வந்து இறந்துபோனார். கழுத்தைத் திருப்பியதில் இரத்தக் குழாய் கிழிந்ததுதான் காரணம் என்று மரண விசாரணையில் முடிவானது.

அமெரிக்கா தூரம் என்று நினைக்க வேண்டாம். 2024இல் இந்தியாவில், கர்நாடகாவின் பல்லாரியில், சலூனில் தலையைப் பிடித்துவிட்டுக் கடைசியில் கழுத்தை ஒரு முறி முறித்ததில் 30 வயது வாலிபருக்குப் பாரிசவாதம் வந்தது. அண்ணன்மாரே, தம்பிமாரே, சம்பளத்தன்று டவுனுக்குப் போய் முடி வெட்டிய பிறகு தலையை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறீர்களே, அது இதே வேலைதான். தலைக்கு எண்ணெய் வைத்துப் பிடித்துவிடட்டும். "கழுத்தை மட்டும் திருப்ப வேண்டாம்" என்று உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். இதில் வெட்கம் எதற்கு?

கொழுந்து எடுக்கிற நமக்கு இது இன்னும் பெரிய விஷயம். கூடைக் கயிற்றைத் தலையில் போட்டு, குனிந்து, மேட்டில் ஏறி இறங்கி, இருபது முப்பது வருஷம் பாரத்தைத் தாங்கியது இந்தக் கழுத்துத்தான். தேய்ந்த கழுத்தைத் திடீரென்று முறுக்கக் கூடாது. வயதுபோன அம்மாமாருக்கு எலும்பு மெலிந்திருக்கும், அமுக்கினாலே உடையலாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து குடிக்கிறவர்கள், புற்றுநோய்க்கோ காசநோய்க்கோ மருந்து எடுத்தவர்கள், மலையில் விழுந்து அடிபட்டவர்கள் யாரிடமும் முதுகைக் கொடுப்பதற்கு முன் டொக்டரிடம் காட்ட வேண்டும். காசநோய் நுரையீரலுக்கு மட்டும் வருவதல்ல, முள்ளந்தண்டுக்கும் வரும். முதுகுவலியோடு காய்ச்சல், உடம்பு மெலிவு, இரவில் படுத்தாலும் குறையாத வலி இருந்தால் அது தடவிப் போகிற வலி அல்ல.

இதைக் கூச்சப்படாமல் சொல்கிறேன், பெண்கள்தானே அதிகம் இருக்கிறோம். இடுப்புவலியோடு சிறுநீர் போவது தெரியவில்லை, அல்லது போகவே முடியவில்லை, உட்காருகிற இடம் மரத்துப்போகிறது, இரண்டு காலும் இழுக்கிறது என்றால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. கழுத்தைப் பிடித்துவிட்ட பிறகு தலைசுற்று, பேச்சுக் குழறல், பார்வை இரண்டாகத் தெரிவது, ஒரு பக்கம் விழுவது வந்தாலும் அப்படியே. 1990க்கு அடித்தால் சுவசரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை. லயத்துக்கு ஏற முடியாத பாதையென்றால் எந்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு வருவோம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள்.

சரி, யாரிடம் போவது? கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "நீங்கள் எங்கே பதிந்திருக்கிறீர்கள்?" டொக்டர்மாரும் பிசியோதெரபி செய்கிறவர்களும் இலங்கை மருத்துவ சபையில் பதிய வேண்டும். முறிவு நெறிவு பார்க்கிற பரம்பரை வைத்தியர்களுக்கு 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் ஆயுர்வேத மருத்துவ சபை இருக்கிறது. பதிவைக் காட்டச் சொன்னால் நல்ல வைத்தியர் கோபித்துக்கொள்ள மாட்டார். பத்துத் தடவை வர வேண்டும், முழுக் காசையும் இன்றே கட்டினால் குறைத்துத் தருகிறோம் என்றால் எழும்பி வந்துவிடுங்கள். அரசாங்கத்தின் பெரிய வைத்தியசாலைகளில் பிசியோதெரபி இலவசம். தோட்டத்து டிஸ்பென்சரியில் துண்டு கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். ஒரு நாள் பேர் போகும் என்பது எனக்குத் தெரியும். கொழும்புக்குப் போனால் இரண்டு நாள் பேரும் பஸ் காசும் போகும்.

இப்போது சங்க வேலைக்கு வருகிறேன். எந்தக் கெட்டிக்கார வைத்தியர் முதுகைச் சரிசெய்து அனுப்பினாலும் மறுநாள் காலையில் அதே கூடைதான், அதே கயிறுதான். மழை நாளில் கொழுந்து நனைந்து பாரம் கூடுகிறது. நிறுக்கிற இடத்தில் தண்ணீருக்கு என்று கிலோ கழிக்கிறார்கள். கழித்த கிலோவையும் நம் கழுத்துத்தானே சுமந்து வந்தது? சர்வதேச தொழில் ஸ்தாபனம் 1967இலேயே 127ஆம் இலக்கச் சமவாயத்தில், பெண்கள் மேல் ஏற்றுகிற பாரம் ஆண்களுடையதைவிட நன்றாகக் குறைய வேண்டும் என்று எழுதிவைத்தது. நாம் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம். நிறுக்கிற இடம் மலைக்குப் பக்கத்தில் இருக்கட்டும், ஒரு நாளைக்கு இன்னொரு தடவை நிறுக்கட்டும். கூடை நிறைந்து வழியும் மட்டும் சுமக்க வேண்டி வராது. உரமூட்டை தூக்குகிற, மருந்து டாங்கி சுமக்கிற ஆண்களுக்கும் இப்படிக் கேட்க வேண்டியது இருக்கிறது, அதை அடுத்த மாதம் அவர்களே பேசட்டும்.

வேலையில் வழுக்கி விழுந்து முதுகு அடிபட்டால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. அதற்கு அன்றைக்கே கங்காணியிடமும் ஒபிசிலும் அறிவிக்க வேண்டும், டிஸ்பென்சரிப் புத்தகத்தில் "வேலையில் விழுந்தது" என்று எழுதவைக்க வேண்டும். வெறுமனே "முதுகுவலி" என்று எழுதினால் பிறகு நாங்கள் எதைக் காட்டி வாதாடுவது? வீட்டிலே தடவிப் பார்த்துவிட்டு ஒரு கிழமை கழித்துப் போனால் விழுந்ததற்குச் சாட்சியும் இல்லை.

அடுத்த ஞாயிறு கோயில் மண்டபத்தில் மூன்று மணிக்குக் கூடுவோம். கிளினிக் கொப்பி வைத்திருக்கிறவர்கள் கொண்டுவாருங்கள். மழை நாட்களில் உங்கள் நிறுவையில் எத்தனை கிலோ கழித்தார்கள் என்று ஒரு துண்டில் திகதியோடு எழுதிக்கொண்டு வாருங்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளையிடம் சொல்லி எழுதுங்கள், என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிவைக்கிறேன்.