செவியால் வாசிப்போரும் கணினியின் அறிவித்தல்களும்



இவ்வுரையை நீங்கள் செவியொன்றாலேயே பெறுகின்றீர்கள். ஆதலால், நான் இன்று எடுத்துக்கொண்ட பொருளின் தலைவாயிலில் நீங்கள் ஏற்கனவே வந்து நிற்கின்றீர்கள். வானொலியில் நாடகமொன்று நடந்துகொண்டிருக்கும் வேளையில் இடையே ஓர் அறிவித்தல் புகுந்துவிட்டால், நாடகத்தையும் அறிவித்தலையும் ஒருங்கே கேட்டல் எவர்க்கும் இயலாது. ஒன்று வர மற்றது போய்விடும். போன வசனம் மீண்டு வாராது. செய்தித்தாள் வாசிப்பவருக்கோ இவ்விடர் இல்லை. பக்கத்தின் ஓரத்தே விளம்பரமொன்று இருப்பினும், கண் அதனைத் தொட்டுவிட்டு விட்ட வரிக்கே மீண்டுவிடும். கண்ணுக்கு ஓரம் உண்டு. செவிக்கு அது இல்லை. இந்தச் சிறு உண்மையை மறந்தமையால் விளையும் துன்பமொன்றைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

விழிப்புலனற்றோர் கணினியை எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பதை முதலில் கூறுதல் வேண்டும். திரை வாசிப்பான் என்னும் மென்பொருள் ஒன்று, திரையில் உள்ள எழுத்துக்களைக் குரலாக மாற்றி அவர்களுக்கு வாசித்துக் காட்டுகின்றது. அவர்கள் சுட்டியை நாடாது விசைப்பலகையாலேயே எல்லாவற்றையும் இயக்குகின்றனர். 1978 ஆம் ஆண்டில் வாகன விபத்தொன்றிற் பார்வையிழந்த ரெட் ஹென்டர் என்னும் அமெரிக்கர், ஜோஸ் என்னும் திரை வாசிப்பானை 1989 இல் வெளியிட்டார். அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்னும் விழிப்புலனற்ற இளைஞர், என்.வி.டி.ஏ. என்னும் மற்றொன்றை 2006 இல் ஆக்கத் தொடங்கினார். அது எவரும் இலவசமாகப் பெறத்தக்கது. எங்கள் பாடசாலையில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியரொருவர் இதனையே பயன்படுத்துகின்றார். அவர் பிறவியிலேயே பார்வையற்றவர்.

2017 ஆம் ஆண்டு முதலாந் தவணை முடிவில் நிகழ்ந்ததொன்றைச் சொல்கின்றேன். அவ்வாசிரியர் மாணவரின் புள்ளிகளைப் பிரெயில் எழுத்தில் முன்னரே குறித்துவைத்திருந்தார். இடக்கை விரல்களால் அவற்றைத் தடவி வாசித்தபடி, வலக்கையால் எண்களைத் தட்டிக் கணினியிற் பதிந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு புள்ளியையும் பதிந்தபின் அடுத்த கட்டத்துக்குச் செல்ல என்டர் விசையை அழுத்துவது வழக்கம். அவ்வேளையில் மென்பொருள் ஒன்றின் இற்றைப்படுத்தல் அறிவித்தல் திரையின் நடுவே திடீரெனத் தோன்றியது. இற்றைப்படுத்தல் என்பது, மென்பொருளை ஆக்கியோர் அதன் குறைகளைத் திருத்தி அனுப்பும் புதுப் பதிப்பினை ஏற்றுக்கொள்ளுதல். "இற்றைப்படுத்தல் ஆயத்தமாக உள்ளது, கணினியை மீண்டும்" என்பதுவரை குரல் வந்தது. அதற்குள் அவர் அடுத்த எண்ணைத் தட்டிவிட்டார். விசை தட்டப்பட்டவுடன் திரை வாசிப்பான் தன் பேச்சை நிறுத்திவிடும். தட்டிய எழுத்தைச் சொல்வதற்காக அமைந்த இயல்பு அது. தொடர்ந்து வழக்கம்போல் அவர் அழுத்திய என்டர் விசையை அந்த அறிவித்தல், "ஆம், இப்போதே செய்க" என்னும் விடையாக எடுத்துக்கொண்டது. கணினி நின்றுபோயிற்று. சேமிக்கப்படாதிருந்த இரண்டு வகுப்புகளின் புள்ளிகள் அழிந்தன.

அரைமணி நேரத்தின் பின் நான் அவ்வறைக்குச் சென்றேன். அவர் அசையாது அமர்ந்திருந்தார். "ஐயா, திரையில் ஏதேனும் தெரிகின்றதா?" என்று வினவினார். நூற்றுக்கு முப்பது முடிந்தது என்று எழுதியிருப்பதாகச் சொன்னேன். "இவ்வளவு நேரமும் ஒரு சத்தமும் இல்லை. இயந்திரம் பழுதாகிவிட்டது என்றே எண்ணினேன்" என்றார். கணினி மீண்டும் தொடங்கித் தன்னைத் திருத்திக்கொள்ளும் அந்த நேரத்தில் திரை வாசிப்பான் இயங்குவதில்லை. பார்வையுடையார்க்கு அங்கே ஓர் எண்ணாவது தெரியும். அவருக்கோ வெறும் மௌனமே எஞ்சியது. அன்று காலை என் மேசைக் கணினியிலும் அதே அறிவித்தல் தோன்றியிருந்தது. நான் அதனைப் பாதி வாசித்து, ஒரு சொடுக்கில் அகற்றிவிட்டு, மறந்தும் போயிருந்தேன்.

மறுநாள் அவர், தம் கணினிக்கு இற்றைப்படுத்தலே வேண்டாம் என்று கேட்டார். நியாயமான வேண்டுகோள் எனக் கருதி, அதனை முற்றாக நிறுத்துவித்தேன். அங்கே நான் தவறிழைத்தேன் என்பதை அடுத்த மாதமே உணர்ந்தேன். 2017 மே 12 ஆம் திகதி, வன்னகிரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலே இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான கணினிகளை அது பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசாங்க மருத்துவமனைகளில் நோயாளர் திருப்பியனுப்பப்பட்டனர். இத்தனைக்கும், அந்த வழியை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் மார்ச் 14 ஆம் திகதியே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதங்களாகியும் அதனை ஏற்றுக்கொள்ளாத கணினிகளே பெரும்பாலும் அகப்பட்டன. தொந்தரவுக்கு அஞ்சிக் கதவை மூடியவர், காவலையும் வெளியே நிறுத்திவிடுகின்றார். நான் விரைந்து சென்று இற்றைப்படுத்தலை மீண்டும் இயங்கச் செய்தேன். நல்வேளையாக எங்கள் கணினிகளுக்குத் தீங்கு நேரவில்லை.

அப்போது அவ்வாசிரியர் சொன்னது என் நெஞ்சில் நிலைத்துவிட்டது. "வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஐயா. வந்தால் வாயிலில் நிற்கட்டும்" என்றார்.

நேயர்களே, பாடசாலையில் அறிவித்தற் புத்தகத்தை வகுப்புக்கு வகுப்புக் கொண்டுசெல்லும் சிற்றூழியரை நீங்கள் அறிவீர்கள். நல்ல சிற்றூழியர் எவ்வாறு நடந்துகொள்வார்? வாயிலில் நிற்பார். ஆசிரியர் வாக்கியத்தை முடிக்கும்வரை காத்திருப்பார். ஆசிரியரின் கையிலுள்ள வெண்கட்டியைப் பறித்துக்கொண்டு பேனாவைத் திணிக்கமாட்டார். வந்த காரியத்தை முதற் சொல்லிலேயே சொல்வார். ஆசிரியர் "பிறகு பார்க்கிறேன்" என்றால், புத்தகம் அலுவலகத்தில் இருக்கும் என்று சொல்லிச் செல்வார். கட்டடத்தில் தீப்பற்றினால் மாத்திரமே உள்ளே ஓடிவந்து கூவுவார். இற்றைப்படுத்தல் அறிவித்தலை வடிவமைப்போர் கற்கவேண்டியன யாவும் இந்த ஒழுக்கத்திலே அடங்கியுள்ளன.

முதலாவது, அறிவித்தலானது விசைப்பலகையின் பிடியைத் தன்பால் இழுத்துக்கொள்ளலாகாது. ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும் இடத்திலேயே அவரது விசைகள் இருத்தல் வேண்டும். அறிவித்தல் குரலாக மட்டும் வந்து செல்லலாம். 

இரண்டாவது, நடந்துகொண்டிருக்கும் பேச்சு முடியும்வரை அது காத்திருத்தல் வேண்டும். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2014 இல் வெளியிட்ட விதிகளில் இதற்கு வழி செய்யப்பட்டுள்ளது. அங்கே அறிவித்தல்கள் பணிவானவை என்றும் இடைமறிப்பவை என்றும் பிரிக்கப்படுகின்றன. பணிவானது தன் முறைக்குக் காத்திருக்கும். மற்றது பேச்சை வெட்டிப் புகும். இற்றைப்படுத்தல் ஆயத்தம் என்னும் செய்தி ஒருபோதும் தீப்பற்றிய செய்தியன்று. 

மூன்றாவது, சொற்கள் சுருங்கி, முதன்மையானது முன்னே நிற்றல் வேண்டும். செவியால் வாசிப்பவர் இறுதிச் சொல்லுக்காக முழு வாக்கியத்தையும் கேட்டேயாகவேண்டியவர். எந்த மென்பொருள், எவ்வளவு நேரம் பிடிக்கும், கணினி நின்று தொடங்குமா என்னும் மூன்றும் போதும். 

நான்காவது, சில விநாடிகளில் மறைந்தொழியும் அறிவித்தல் பயனற்றது. அதனைப் பின்னர் தேடி வாசிக்க நிலையான ஓரிடம் இருத்தல் வேண்டும். 

ஐந்தாவது, முன்னேற்றத்தைச் சொல்லும்போது நூற்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிக்கொண்டிருப்பது காதுக்குத் தண்டனையாகும். என்.வி.டி.ஏ. இதனைச் சொற்களின்றி, படிப்படியாகச் சுருதி உயரும் சிற்றொலியால் உணர்த்துகின்றது. 

ஆறாவது, மௌனம் வரவிருப்பின் அதனை முன்கூட்டியே சொல்லுதல் வேண்டும். "இனி ஏறக்குறைய இருபது நிமிடம் குரல் இராது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எங்கள் ஆசிரியர் அந்த அரைமணி நேரத்தை அச்சத்தோடு கழித்திருக்கமாட்டார்.

இன்னொன்றும் உண்டு. பார்வையற்றோர் இற்றைப்படுத்தலைத் தள்ளிவைக்க விரும்புவது சோம்பலால் அன்று. 2017 நவம்பரில் வெளிவந்த ஃபயர்ஃபொக்ஸ் உலாவியின் 57 ஆம் பதிப்பு மற்றையோர்க்கு மிக விரைவாக இயங்கியது. ஆனால் திரை வாசிப்பான்களோடு அது தடுமாறியது. ஜோஸ் பயன்படுத்துவோர் பழைய நீண்டகாலப் பதிப்பிலேயே தங்கியிருத்தல் நன்று என்ற ஆலோசனை அதனை ஆக்கியோரிடமிருந்தே வந்தது. பதிப்பு மாறினால் தம் குரலே போய்விடுமோ என்று ஒருவர் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கின்றது. ஆகவே, புதுப் பதிப்பு திரை வாசிப்பானோடு இணங்குமா, எந்த விசைகள் மாறியுள்ளன என்பவற்றைக் கேட்டறிந்தபின் முடிவுசெய்யும் உரிமை அவருக்கு இருத்தல் வேண்டும்.

இவை கற்பனையான வேண்டுகோள்கள் அல்ல. அவசரநிலை தவிர்ந்த இடையூறுகளைப் பயனர் தள்ளிவைக்கவோ தடுக்கவோ இயலவேண்டும் என்பது, இணையப் பக்கங்களுக்கான அணுகல் நெறிமுறைகளில் 2008 ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றது. ஆயினும் அது மிக உயர்ந்த படிநிலைக்குரியதாக வைக்கப்பட்டமையால், பலர் அதனைக் கட்டாயமெனக் கொள்வதில்லை. விண்டோஸ் 10 இல், வேலை நேரத்தில் கணினி தானாக மீளத் தொடங்காதிருக்க நேரம் குறித்துவைக்கும் வசதி 2016 இல் வந்தது. வீட்டுப் பதிப்பிலும் இற்றைப்படுத்தலை 35 நாட்கள் வரை ஒத்திவைக்கும் வசதி 2019 இல் வந்தது. எங்கள் பாடசாலையில் இப்போது வேலை நேரம் குறித்துவைக்கப்பட்டுள்ளது. இற்றைப்படுத்தலுக்கென வெள்ளிக்கிழமை பிற்பகலை ஒதுக்கியுள்ளோம். அது முடியும்வரை பார்வையுள்ள ஒருவர் அவ்வாசிரியரின் அருகில் இருப்பார். அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் பொறுப்பிலிருப்போர் இவ்வளவையாவது இன்றே செய்யலாம்.

எனினும் அது தற்காலிகப் பரிகாரமே. அந்த ஆசிரியர் தம் வகுப்பில் நாற்பது மாணவரைத் தனியே நடத்துபவர். ஒரு கணினியைத் தனியே நடத்த அவர்க்கு இன்னொருவரின் கண் தேவைப்படுமாயின், குறை அவரிடத்தில் இல்லை. எங்கள் மாணவரிற் சிலர் நாளை மென்பொருள் ஆக்குவோராக வருவர். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே. நீங்கள் ஆக்கிய அறிவித்தலைத் திரையில் பார்த்து மனநிறைவு அடைந்துவிடாதீர்கள். திரையை அணைத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் திரை வாசிப்பானை இயக்கி, ஒரு கடிதம் எழுதத் தொடங்குங்கள். நடுவே உங்கள் அறிவித்தல் வரட்டும். அப்போது உங்கள் வாக்கியம் உங்களிடமே இருக்கின்றதா என்று பாருங்கள்.