புது வீட்டுக்குப் போன பிள்ளைகள்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சிறுவர் நாவல்களைப் பற்றிப் பேசும்படி எம்மைப் பணித்தார்கள். விழா மேடையில் இதென்ன பிள்ளை விளையாட்டு என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். ஆனால், பிறந்த இடத்தை விட்டுப் புது வீட்டிலே போய்த் துன்புறும் பிள்ளைகளின் கதை இந்த ஸ்பிரிங்வெளியில் யாருக்குத்தான் அந்நியம்?

சுவிட்சர்லாந்து தேசத்து யொஹானா ஸ்பைரி அம்மையார் 1880, 1881ஆம் ஆண்டுகளில் 'ஹைடி' என்ற கதையை இரு பாகங்களாக எழுதினார். பெற்றோரை இழந்த ஹைடி மலையிலே பாட்டனோடு வாழ்கிறாள். பின்னர் பிராங்க்பேர்ட் நகரத்துச் செல்வர் வீட்டுக்குக் கொண்டுபோகப்படுகிறாள். அங்கே உணவுக்கும் உடைக்கும் குறைவில்லை. எனினும், மலையைக் காணலாம் என்று கோவிற் கோபுரத்தில் ஏறிப் பார்த்தால் கூரைகளே தெரிகின்றன. ஏக்கத்தால் மெலிந்து, இரவிலே தூக்கத்தில் எழுந்து நடக்கிறாள். வீட்டார் பேயென்று அஞ்சுகிறார்கள். வைத்தியர் சொன்ன மருந்து ஒன்றே: மலைக்கு அனுப்புங்கள். விடிந்தெழுந்தால் நமுனுகுல மலையைப் பார்த்துப் பழகிய எம் பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்ல ஆசிரியர் வேண்டியதில்லை.

பிரான்சிஸ் பேர்னெட் அம்மையார் 1911இல் எழுதிய 'இரகசியத் தோட்டம்' வேறொரு வகை. இந்தியாவில் வளர்ந்த வெள்ளைக்காரச் சிறுமி மேரி, வாந்திபேதியில் பெற்றோரை இழந்து, இங்கிலாந்தில் மாமாவின் மாளிகைக்குப் போகிறாள். தானே உடுத்திக்கொள்ளத் தெரியாத பிள்ளை, மண்ணைக் கிளறிச் செடி வளர்த்துத் தேறுகிறாள். நல்ல கதைதான். ஆனால் அவளை வளர்த்த ஆயாவும் அதே நோயில் இறந்தாள். ஆசிரியை அதைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். அந்த ஆயாவுக்கும் பிள்ளைகள் இருந்திருப்பார்களே என்று கேட்கத் தோன்றுவது எமக்குத்தான்.

இனி எம்மவர் கதைக்கு வருவோம். கோகிலம் சுப்பையா 1964இல் 'தூரத்துப் பச்சை'யை வெளியிட்டார். கடல் கடந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்த வள்ளியின் கதை அது, பெரியவர்களுக்கான நாவல். பழமொழியின் முற்பாதியைத் தலைப்பாக்கி, மறுபாதியை வாசகரிடமே விட்டுவிட்டார்.

அதே 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று எழுதினார்கள். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அந்தக் கணக்கிலே பிள்ளைகளும் அடக்கம். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பதுளையிலே கோச்சி ஏறிய பிள்ளைக்கு இந்தியா பாட்டியின் வாய்ச்சொல்லில் மட்டும் இருந்த ஊர். அந்தக் கோச்சிக்குச் சனங்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. தலைமன்னாரிலே கப்பல், அக்கரையில் இராமேஸ்வரம், அப்பால் மண்டபம் முகாம். ஒரு காலத்தில் இங்கு வரும் தொழிலாளரைத் தடுத்து வைத்து, நோய் இல்லையெனக் கண்டு அனுப்பிய முகாம்தான் அது. பாட்டன் வரும்போது காத்துக்கிடந்த இடத்திலே பேரன் போகும்போது காத்துக்கிடந்தான். மலையில் பிறந்தவனுக்கு எங்கும் மணலும் வெயிலும். அவனுக்கு மருந்தெழுத வைத்தியர் எவரும் வரவில்லை. பலருக்குப் பின்னர் நீலகிரியிலே, கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலை கிடைத்தது. மலைதான், ஆனால் வேறு மலை. இங்கே 'இந்தியாக்காரன்' எனப்பட்டவன் அங்கே 'சிலோன்காரன்' ஆனான்.

இக்கதையைப் பத்து வயதுப் பிள்ளை வாசிக்கும்படி எழுத வேண்டும் என்பதே எமது வேண்டுகோள். ஒப்பாரியாக எழுத வேண்டாம். அது பெரியவர்களுக்கு உகந்தது. ஹைடி, மலையிலுள்ள பல்லில்லாக் கிழவிக்கென்று மெதுவான ரொட்டிகளை அலுமாரியில் ஒளித்துச் சேர்த்து வைக்கிறாள். பிள்ளைகள் மறவாதது அதைத்தான். எம்மிடமும் அத்தகையவை உண்டு. போகிற வீட்டு நாய் யாரிடம் நின்றது? சிலேட்டை எந்தத் தோழிக்குக் கொடுத்தார்கள்? தகரப் பெட்டியில் இடமில்லையென்று கடைசியில் வெளியே எடுத்து வைத்த பொருள் எது?

பெரியோர்களே, கோத்தகிரியிலிருந்து வந்த பழைய கடிதம் ஏதும் உங்கள் பெட்டியடியில் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள். எழுதத் தெரியாத பாட்டிமார் சொல்லட்டும், பேத்திமார் எழுதட்டும். இதற்கென்று வாசிகசாலை மேசையிலே இன்று நான்கு அப்பியாசக் கொப்பிகளை வைத்திருக்கிறோம்.