திரையில் உருளும் பகடை

சகுனியின் கையிற் பகடை அவன் கேட்ட எண்ணையே காட்டிற்று என்பர். அப்பகடையைச் செய்தவன் யாவன் எனத் தருமன் ஒருமுறை வினவியிருப்பின், பாரதக் கதை வேறாக முடிந்திருக்கலாம். இன்று கணினித் திரையிற் பகடை உருட்டும் இளைஞருக்கும் அவ்வினா உரியதே. விடை காண்பதற்கு நல்ல வழி, அவ்விளையாட்டைத் தாமே எழுதிப் பார்த்தலாகும்.

இணையப் பக்கங்களுக்கு இயக்கந்தரும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியை, நெற்ஸ்கேப் நிறுவனத்திற் பணியாற்றிய பிரெண்டன் ஐக் 1995 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஏறத்தாழப் 10 நாளில் உருவாக்கினார். அதனைக் கற்பதற்கு உலாவியும், தட்டச்சிடுதற்குரிய சிறு செயலியொன்றும் போதும். தொடக்கப் பயிற்சிகள் பெரும்பாலும் சுவையற்றவை: இரு எண்களைக் கூட்டுக; ஒற்றையா இரட்டையா எனக் கூறுக; 1 முதல் 100 வரை எழுதுக. ஆயினும் இவை கைவந்த மாணவன் பந்தய விளையாட்டொன்றை எழுதத் தகுதி பெற்றுவிடுகிறான். சூதை வகுப்பறைக்குக் கொணர்வதா என முகஞ்சுளிப்போர் உளர். அவர் அச்சம் நியாயமானதே. எனினும் விளையாடுதல் வேறு, எழுதுதல் வேறு.

ஆட்டக்காரனிடம் 100 ரூபாய் இருப்பதாகக் கொள்க. இரண்டு பகடைகள் உருளும். கூட்டுத்தொகை 7 ஆயின் 4 ரூபாய் சேரும். வேறெதுவாயினும் 1 ரூபாய் போகும். கையிருப்புத் தீரும்வரை ஆட்டம் தொடரும்.

முதல் இடறல் பகடையிலேயே நேரும். எழுமாறாக ஓர் எண் கேட்டால், 0 முதல் 1 இற்குக் குறைந்த பின்னமொன்றையே இம்மொழி தரும். அதனை 6 ஆற் பெருக்கி, பின்னப் பகுதியை வெட்டி, 1 ஐக் கூட்டினால் ஆறு முகங்களும் சம வாய்ப்புடன் வரும். வெட்டாமல், அண்மிய முழுவெண்ணுக்கு மாற்றி நிறுத்திவிடின், 0 என்றொரு முகமும் தோன்றும்; 0 உம் 6 உம் ஏனையவற்றின் பாதியளவே விழும். வஞ்சகன் எவனுமின்றியே கோணற் பகடை பிறந்துவிடுகிறது.

இரண்டாவது பிழை இன்னும் நுட்பமானது. ஆட்டக்காரன் தட்டச்சிட்ட 100 என்பதை உலாவி எண்ணாக அன்றி எழுத்தாகவே ஏற்கும். எழுத்தோடு 4 ஐக் கூட்டினால் இரண்டும் ஒட்டி 1004 ஆகிவிடும். ஆனால் 1 ஐக் கழித்தாலோ மொழி அதனை எண்ணாக மாற்றி, 99 எனச் சரியாகவே விடை தரும். அதன்பின் கூட்டலும் பிழைக்காது. ஆகவே முதல் உருட்டலில் 7 விழுந்தாலன்றிப் பிழை வெளிப்படாது. அது ஆறில் ஒரு வாய்ப்பே. ஐந்து முறை ஓட்டிப் பார்த்து, "சரியாயிருக்கிறது" என மகிழும் மாணவர் பலர்.

இனிக் கணக்கைப் பார்க்க. இரு பகடைகள் விழும் 36 வகைகளுள் 7 தருவன 6. அவ்வகையில் வரவு 24 ரூபாய். எஞ்சிய 30 வகைகளிற் செலவு 30 ரூபாய். 100 ரூபாய் சராசரியாக 600 உருட்டலிற் கரைந்துவிடும். இடையில் 100 ரூபாய் 130 ஆகவும் உயரலாம். மிகக் கூடிய தொகை எந்த உருட்டலில் இருந்தது என்பதையும் நிரல் குறித்து வைக்கும். பலமுறை ஓட்டிப் பார்க்கும் மாணவன் உச்சங்கள் மாறுவதையும், முடிவு மாறாமையையும் காண்பான். 4 என்னும் இலக்கத்தை 5 ஆக்கினால் வரவும் செலவும் சமனாகும்; 3 ஆக்கினால் 300 உருட்டலிலேயே கை வெறுமையாகும்.

உண்மைப் பணம் புழங்கும் இணையப் பந்தயங்களில் இவ்விலக்கம் ஆட்டக்காரனின் உலாவிக்கு வருவதில்லை. அது நடத்துவோரின் கணினியிலேயே இருக்கும். இவன் திரைக்கு வந்து சேர்வது உருளும் பகடையின் படம்.